தொப்புள்கொடி புதைந்த மண்: ஹெய்ட்டியின் வூடூ மரபில் பிள்ளைப்பேறும் பிள்ளை வளர்ப்பும்

கரீபியக் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டுக் கிராமத்தார் ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், "என் லோன்பிரி புதைந்திருக்கும் இடம்" என்று ஓர் ஊரைச் சொல்லக்கூடும். லோன்பிரி என்பது அவர்கள் பேசும் கிரியோல் மொழியில் தொப்புளையும் தொப்புள்கொடியையும் குறிக்கும் சொல். குழந்தை பிறந்து, கொடி காய்ந்து விழுந்ததும், அதை வீட்டு முற்றத்தில் குழி தோண்டிப் புதைத்து, அந்த இடத்தில் தென்னையோ வாழையோ சீமைப்பலாவோ நடுவது அங்கே நெடுநாளைய வழக்கம். அந்த மரம் அந்தப் பிள்ளைக்கு உரியது; அதன் காய்ப்பும் பிள்ளைக்கே சேரும்.

உலகின் பல மூலைகளில் தொப்புள்கொடியைப் புதைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஹெய்ட்டியில் இந்தச் சடங்குக்கு உள்ள கனத்தைப் புரிந்துகொள்ள, அந்த மண்ணின் பழைய சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி 1685-இல் தம் குடியேற்றங்களுக்காகப் பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்', அடிமைப் பெண் பெறும் குழந்தை அவளுடைய எசமானனின் உடைமை என்று விதித்தது. தகப்பன் சுதந்திர மனிதனாக இருந்தாலும் தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமைதான். அன்று சான் தொமிங்கு என்று பெயர்பெற்றிருந்த அந்தக் குடியேற்றத்தின் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் பிறப்பைவிட இறப்பே மிகுதியாக இருந்ததால், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதர்களைக் கொண்டுவந்தபடியே இருந்தார்கள். 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது அங்கிருந்த ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். 1804 சனவரி 1-ஆம் நாள் நாடு விடுதலை பெற்ற பிறகுதான், பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்றும், காலடி மண்ணைத் தன் மண் என்றும் சொல்லும் உரிமை அந்த மக்களுக்கு உறுதியானது. இனி விவரிக்கப்போகும் வழக்கங்களை இந்தப் பின்னணியை மறந்துவிட்டுப் பார்த்தால் அவை விநோத நம்பிக்கைகளின் பட்டியலாகத்தான் தெரியும்.

வூடூ என்றதும் ஊசி குத்திய பொம்மை நினைவுக்கு வந்தால் அதை முதலில் ஒதுக்கிவைத்துவிடலாம். அது ஆலிவுட் படங்களின் கைச்சரக்கு. இன்றைய பெனின் நாட்டுப் பகுதியில் வாழும் ஃபோன் மக்களின் மொழியில் 'வோடுன்' என்றால் தெய்வம் அல்லது ஆவி என்று பொருள். ஃபோன், யொருபா, கொங்கோ முதலிய பல இனத்தாரின் வழிபாடுகள், தோட்டங்களில் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட கத்தோலிக்க சமயத்தோடு கலந்து உருவானதே ஹெய்ட்டியின் வூடூ. இந்த நெறியில் படைத்த கடவுள் ஒருவர் உண்டு, அவர் போண்டியே. ஆனால் அவர் எட்டாத தொலைவில் இருக்கிறார். அன்றாட நல்லது கெட்டதுகளைக் கவனிப்பவை லுவா எனப்படும் தெய்வ ஆவிகள். லுவாக்கள் பக்தர்மீது ஏறி ஆடும், பேசும், குறை சொல்லும், மருந்தும் சொல்லும். ஏறப்படுபவரை 'குதிரை' என்பார்கள். பூசை நடத்தும் ஆண் ஊங்கான், பெண் மான்போ. முக்கியமான செய்தி என்னவென்றால், பல லுவாக்கள் குடும்பச் சொத்துப்போலத் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. ஆகவே பிறக்கும் குழந்தை நிலத்தோடு சேர்த்துச் சில தெய்வக் கடமைகளுக்கும் வாரிசாகவே பிறக்கிறது.

இதே மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருமுழுக்கும் பெற்றவர்கள். கத்தோலிக்கராக இருந்தால்தான் லுவாக்களுக்கு ஊழியம் செய்ய முடியும் என்று கிராமங்களில் சொல்வதுண்டு. அவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை. முரண் திருச்சபைக்குத்தான் தெரிந்தது: 1941-இல் தொடங்கிய 'மூடநம்பிக்கை எதிர்ப்பு' இயக்கத்தில் கோயில்களும் முரசுகளும் அழிக்கப்பட்டன. வூடூவை முழு உரிமையுள்ள சமயமாக அரசு ஏற்றுக்கொண்டது 2003-இல்தான்.

இனி பிள்ளைப்பேற்றுக்கு வருவோம். "பிள்ளைகளே ஏழையின் செல்வம்" என்பது கிரியோல் பழமொழி. வயலில் கைகொடுக்க, முதுமையில் சோறுபோட, செத்தபின் சடங்கு செய்ய என எல்லாவற்றுக்கும் பிள்ளை வேண்டியிருக்கும் சமூகத்தில், பிள்ளையில்லாப் பெண்ணின் நிலை எளிதானதாக இருக்க முடியாது. அந்த இடத்தில்தான் 'பெதிசியோன்' என்ற கருத்து வந்து நிற்கிறது. மாதவிலக்கில் வெளியேறும் இரத்தம் கருவுற்ற காலத்தில் உள்ளேயே தங்கிக் குழந்தையை வளர்க்கிறது என்பது அவர்கள் கணிப்பு. கருவுற்றதாக அறிந்த பெண்ணுக்கு மறுபடி உதிரம் போகத் தொடங்கினால், குழந்தைக்குச் சேரவேண்டிய உணவு வழிதவறி வெளியே போகிறது என்று பொருள். அப்போது கரு செத்துவிடுவதில்லை. வளராமல் சுருங்கி, வயிற்றிலேயே காத்துக்கிடக்கிறது. மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும்கூட அப்படிக் கிடக்கலாம். உடம்பில் ஏறிய குளிர்ச்சி, பொறாமைக்காரர் வைத்த வினை, கவனிக்கப்படாத லுவாவின் கோபம் என்று காரணங்கள் சொல்லப்படும். மூலிகைக் கஷாயமும் இலைக் குளியலும் ஊங்கான் நடத்தும் சடங்கும் இதற்கு மருத்துவம். இரத்தம் நின்றுவிட்டால் கரு விட்ட இடத்திலிருந்து மீண்டும் வளரும்.

மருத்துவர் இதைக் கருச்சிதைவு என்பார். கருப்பைக் கட்டி என்றோ, கருத்தரிக்க இயலாமை என்றோ சொல்லவும் கூடும். உடற்கூற்றின்படி அவர் சொல்வதே சரி. ஆனாலும் பெதிசியோன் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் காரியத்தைப் பார்க்க வேண்டும். 'மலடி' என்ற சொல் அவள்மேல் விழுவதில்லை. அவள் கர்ப்பிணியாகவே நடத்தப்படுகிறாள், குழந்தை வரச் சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவுதான். இதற்குள் இன்னொரு நுட்பமும் உண்டு. கரு நின்றுபோனபோது அவளோடு வாழ்ந்தவன் எவனோ, அவனே பின்னாளில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன். அவன் பிரிந்துபோய் ஆண்டுகள் கழித்துப் பிள்ளை பிறந்தாலும், அவன் பெயரைச் சொல்ல அவளுக்கு வழியிருக்கிறது. சட்டப்படியான திருமணத்தைவிட, சேர்ந்து வாழும் ஏற்பாடே மிகுதியாக உள்ள கிராமப்புறத்தில், பிள்ளைக்கு ஒரு தகப்பனை உறுதிசெய்வது சிறிய காரியமன்று.

பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இன்னும் வீட்டில்தான் பிறக்கின்றன. மலைப்பாதையும் கையில் காசில்லாமையும் அதற்குப் பெருங்காரணங்கள். நம்பிக்கை ஒரு பகுதிக் காரணம்தான். பேறு பார்ப்பவர் மருத்துவச்சி, சில ஊர்களில் ஆண்கள். கனவில் லுவாவோ இறந்த பாட்டியோ வந்து இந்த வேலையை ஒப்படைத்ததாகப் பலரும் சொல்வார்கள். பயிற்சி வகுப்புக்குச் சென்று கையுறையும் சுத்தமான கத்தியும் வாங்கிவந்த மருத்துவச்சியும் கனவில் வந்த அழைப்பை விட்டுவிடுவதில்லை. பேறுகால மரணத்தில் அமெரிக்கக் கண்டங்களிலேயே ஹெய்ட்டிதான் முன்னிற்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரத்தப்போக்கையும் வலிப்பையும் இலைச்சாறு நிறுத்திவிடாது.

பெற்றவளின் பச்சை உடம்பு அங்கே மிகுந்த கவனத்துக்குரியது. பேற்றின்போது எலும்புகள் விரிந்து திறந்துகொள்வதாகவும், திறந்த உடம்பில் காற்றும் குளிர்ச்சியும் புகுந்துவிடும் என்றும் எண்ணுவதால், கதவு சன்னல்களைச் சாத்தி, வயிற்றைத் துணியால் இறுகக் கட்டி, அவளை உள்ளேயே வைத்திருப்பார்கள். முதல் மூன்று நாள் இலைகள் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளியல். அடுத்த மூன்று நாள் இலைகளை ஊறவிட்டு வெயிலில் காயவைத்த நீரில் குளியல். மூன்று நான்கு வாரம் சென்றபின், விரிந்த எலும்பும் தசையும் இறுகுவதற்காகக் குளிர்ந்த நீரில் குளியல். இந்தக் கடைசிக் குளியலோடு அவள் மீண்டும் சாதாரண ஆளாகிறாள். வெள்ளை மொச்சை, பால் போன்ற வெண்ணிற உணவுகள் வெள்ளைப்படுதலை உண்டாக்கும் என்று விலக்குவதும் உண்டு.

உடம்பைக் காப்பதைவிட மனத்தைக் காப்பது குறித்த வழக்கம்தான் எனக்கு வியப்பூட்டுவது. ஹெய்ட்டியின் நடு மேட்டுநிலத்தில் 1980-களிலிருந்து பணிசெய்த மருத்துவரும் மானுடவியலாளருமான பால் ஃபார்மர், 'மோவே சான்', 'லெட் காத்தே' என்ற இரண்டு நோய்களைப் பற்றி விரிவாக எழுதினார். முன்னது 'கெட்ட இரத்தம்'. பின்னது 'கெட்டுப்போன பால்'. கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ திடுக்கிட்டால், கடுங்கோபம் கொண்டால், அடிவாங்கினால், அவள் இரத்தம் கெடுகிறது. கெட்ட இரத்தம் தாய்ப்பாலில் கலந்து பாலைத் திரிக்கிறது. அதைக் குடித்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. இது நோய் விளக்கமாக மட்டும் நிற்பதில்லை. பிள்ளை நோயுற்றால், தாயை அதிரவைத்தவர் யார் என்ற கேள்வி ஊரில் எழுகிறது. கைநீட்டிய கணவனும், வாசலில் வந்து சண்டையிட்ட அண்டைவீட்டாரும் பதில் சொல்லவேண்டிய நிலைக்கு வருகிறார்கள். பாலூட்டும் பெண்ணிடம் சாவுச் செய்தியைக்கூட நேரடியாகப் போட்டுடைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இதிலிருந்துதான் பிறக்கிறது. இதன் மறுபுறத்தையும் ஃபார்மர் மறைக்கவில்லை. பால் கெட்டுவிட்டதாக நம்பும் தாய் பாலூட்டுவதை நிறுத்திவிடுகிறாள். சுத்தமான நீர் கிடைக்காத ஊரில் தாய்ப்பாலை நிறுத்துவது குழந்தையின் உயிரோடு விளையாடுவது.

பிறந்த குழந்தைக்கு வாயில் வைக்கப்படும் முதல் பொருள் பல வீடுகளில் தாய்ப்பாலன்று. 'லோக்' என்னும் பேதி மருந்து. ஆமணக்கெண்ணெய், துருவிய சாதிக்காய், புளிப்பு ஆரஞ்சுச் சாறு, பூண்டு, சுத்திகரிக்காத சர்க்கரை ஆகியவற்றை நீரில் கலந்து அதைச் செய்வார்கள். குடலில் தங்கியுள்ள கரிய முதல் மலம் வெளியேறினால்தான் குழந்தை தேறும் என்பது எண்ணம். அந்த வேலையைச் சீம்பாலே செய்துவிடும் என்பதும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும் என்பதும் இன்றைய மருத்துவ அறிவுரை. ஆமணக்கெண்ணெய் இல்லாத வீடு அங்கே கிடையாது என்றே சொல்லலாம். குழந்தையின் உச்சிக்குழிக்கும் அது, தாயின் வயிற்றுக்கும் அது. அதன் கிரியோல் பெயரான 'மஸ்கிரிட்டி', 'கிறிஸ்துவின் உள்ளங்கை' என்று பொருள்படும் பழைய இலத்தீன் பெயரின் திரிபு. ஆமணக்கு இலையின் விரிந்த வடிவத்துக்கு வைத்த பெயர் அது.

சாதிக்காய்த் தூளையும் எண்ணெயையும் அறுத்த கொடியின் முனையிலும் பூசுவதுண்டு. இங்கேதான் இந்தக் கதையின் மிகக் கொடிய பகுதி தொடங்குகிறது.

நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த சிசு, பிறந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் திடீரென்று வாய் திறக்க முடியாமல், தாடை இறுகி, உடல் விறைத்து இறந்துபோகும். கிரியோலில் அதற்கு 'மால் மாஷ்வே', அதாவது தாடை நோய் என்று பெயர். ஏன் இப்படி நேர்கிறது என்பதற்குக் கிராமம் கண்ட விடை லுகாரு. பிரெஞ்சு மொழியில் ஓநாய் மனிதனைக் குறித்த சொல் ஹெய்ட்டிக்கு வந்து வேறு உருவெடுத்தது. ஹெய்ட்டியின் லுகாரு பெரும்பாலும் ஒரு பெண்; பகலில் சாதாரண அண்டைவீட்டுக்காரி; இரவில் தோலைக் கழற்றி ஒளித்துவைத்துவிட்டு, தீப்பிழம்புபோலப் பறந்து சென்று சிசுக்களின் இரத்தத்தை உறிஞ்சுபவள். தாயின் ஒப்புதல் இல்லாமல் அவளால் பிள்ளையை எடுக்க முடியாது என்பது நம்பிக்கை. ஆகவே கனவிலோ அரைத்தூக்கத்திலோ அவள் கூப்பிட்டுக் கேட்பாள். தாய் தூக்கக்கலக்கத்தில் "ஆம்" என்று சொல்லிவிட்டால் போயிற்று. இதைத் தடுக்கப் பிள்ளையின் இரத்தத்தையே கசப்பாக்கிவிடுவார்கள். கர்ப்பிணி கரும்புச் சாராயமும் சில துளி மண்ணெண்ணெயும் கலந்த கடுங்காப்பி குடிப்பதும், பூண்டும் மரவள்ளி இலையும் போட்ட நீரில் குளிப்பதும் அதற்கான பழைய முறைகள். மண்ணெண்ணெயும் சாராயமும் வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சு என்பதைச் சொல்லாமல் இதைக் கடந்துபோக முடியாது.

தாடை நோய்க்குத் தோட்ட முதலாளிகளும் ஒரு விடை வைத்திருந்தார்கள், அதுவும் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கும் விடைதான். 18-ஆம் நூற்றாண்டில் சிசுக்கள் இவ்வாறு இறந்தபோது, எசமானனின் சொத்தை அழிப்பதற்காக அடிமை மருத்துவச்சிகளே வேண்டுமென்று கொல்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, மருத்துவச்சியையும் தாயையும் தண்டித்தார்கள். சில பெண்கள் தம் பிள்ளையை அடிமை வாழ்வுக்கு விடாமல் சாவுக்குக் கொடுத்திருக்கவும் கூடும். பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத டெட்டனஸ் கிருமி. சுத்தமில்லாத கத்தியாலும், கொடியில் பூசும் பொருளாலும், காலடி மண்ணாலும் அது உடம்புக்குள் போகிறது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கில் தெஷாப்பெல் என்ற ஊரில் 1956-இல் லாரிமர் மெலன், குவென் மெலன் தம்பதியர் தொடங்கிய ஆல்பர்ட் சுவைட்சர் மருத்துவமனைக்கு, இந்த நோய் கண்ட சிசுக்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. தாய்க்குத் தடுப்பூசி போட்டால் அவள் வழியே பிள்ளைக்கும் காப்புக் கிடைக்கும் என்பதால், அங்கிருந்த மருத்துவர்கள் பெண்கள் கூடும் சந்தைகளுக்கே போய் ஊசி போட்டார்கள். சாவுகள் அந்தப் பகுதியில் மளமளவென்று குறைந்தன. அமெரிக்கக் கண்டங்களில் சிசு டெட்டனஸை ஒழித்த கடைசி நாடு என்ற இடத்தை ஹெய்ட்டி 2017-இல் அடைந்தது. லுகாரு பற்றிய பேச்சு இன்னும் ஒழியவில்லை. குழந்தை இறக்க வேறு நோய்கள் இருக்கின்றன, குற்றஞ்சாட்ட ஓர் ஏழைக் கிழவியும் எப்போதும் கிடைத்துவிடுகிறாள்.

அச்சத்திலிருந்து சற்று விலகி இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்கலாம். வூடூவில் இரட்டையர் 'மராசா' எனப்படுவர். உயிரோடிருக்கும் இரட்டையரும், இறந்த இரட்டையரும், தெய்வ இரட்டையரும் ஒரே பெயரால் அழைக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் லுவாக்களைவிட வல்லவர்கள் என்று சொல்வோரும் உண்டு. பூசையில் வாயில் காக்கும் லுவாவான லெக்பாவை அழைத்த கையோடு மராசாவை வணங்குவார்கள். கோயில் சுவரில் அவர்களுக்காகத் தொங்குவது இரட்டைப் புனிதர்களான கொஸ்மாஸ், தமியான் படம். இது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்த மரபு. ஃபோன் மக்களிடம் இரட்டையருக்குப் பின் பிறக்கும் ஆண் பிள்ளைக்கு 'தோசு' என்று பெயர். ஹெய்ட்டியிலும் அவன் தோசுவே, பெண்ணானால் தோசா. முன்பிறந்த இருவரின் வலிமையும் ஒன்றுசேர்ந்தவன் என்பதால் தோசுவுக்கு இரட்டையரைவிட ஆற்றல் மிகுதி என்பார்கள். விரல்கள் ஒட்டிய பாதத்தோடு பிறக்கும் ஒற்றைப் பிள்ளையும் மராசாதான். அது கருப்பையிலேயே தன் இணையைத் தின்றுவிட்டு வந்ததாம்.

இரட்டையரை வளர்ப்பதில் உள்ள முதல் விதி, எதிலும் வேற்றுமை காட்டக்கூடாது என்பது. ஒருவருக்குச் சட்டை என்றால் மற்றவருக்கும் அதே சட்டை. ஒருவருக்கு ஒரு வாழைப்பழம் என்றால் மற்றவருக்கும் அதே அளவு பழம். ஒருவர் இறந்துவிட்டாலும் அவர் பங்கை எடுத்துவைக்க வேண்டும். மராசா எளிதில் பொறாமைப்படுபவர்கள், கோபக்காரர்கள். அவர்கள் மனம் கோணினால் வீட்டில் நோய் வரும். அவர்களைச் சமாதானப்படுத்தவே 'மராசா சாப்பாடு' என்ற விருந்து நடக்கிறது. இரண்டு அல்லது மூன்று சிறு கிண்ணங்கள் ஒட்டிப் பிறந்தவைபோல இணைந்திருக்கும் மண்பாத்திரங்களில் அவர்களுக்குப் படைப்பார்கள். படையல் முடிந்ததும், மராசாவுக்குத் திருப்தியா என்று கேட்டு, திருப்தி என்ற விடை வந்த பிறகு, கூடியிருக்கும் ஊர்ப்பிள்ளைகளிடம் உணவைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் முண்டியடித்து அள்ளித் தின்பார்கள், பெரியவர்கள் அதட்டுவதில்லை. அடக்கமும் கீழ்ப்படிதலும் கண்டிப்பாகக் கேட்கப்படும் ஒரு சமூகத்தில் இந்த ஒரு வேளை பிள்ளைகளின் ஆட்சி நடக்கிறது.

தாய்மையைத் தெய்வமாக்கியிருக்கும் விதத்திலும் ஒரு தெளிவு தெரிகிறது. எசிலி என்ற பெயரில் இரண்டு பெண் லுவாக்கள் முக்கியமானவர்கள். எசிலி ஃபிரேடா வெளிர்நிறத்தவள், நகையும் வாசனைத் திரவியமும் விரும்புபவள், பிள்ளையில்லாதவள், அழுதுகொண்டே போகிறவள். எசிலி தாந்தோ கறுத்தவள், உழைப்பாளி, கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்புகளோடு கையில் அனாயிஸ் என்ற மகளை ஏந்தியவள், கணவனில்லாமல் பிள்ளை வளர்ப்பவள். விடுதலைப் போரில் அவள் நாக்கு அறுக்கப்பட்டதால் அவளால் பேச முடியாது என்று சொல்வார்கள். மகளே அவளுக்காகப் பேசுகிறாள். அவளுக்கு வைக்கும் படம் போலந்து நாட்டின் செஸ்டகோவா நகரக் கறுப்பு மாதாவுடையது. 1802-இல் நெப்போலியன் அனுப்பிய படையில் இருந்த போலந்து வீரர்கள் வழியே அந்தப் படம் அங்கே வந்திருக்கக்கூடும் என்கிறார்கள். தனியாளாகச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் ஹெய்ட்டித் தாய்மார் எந்த எசிலியிடம் போய் நிற்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நோய்ப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் இன்னொரு இடம் கெதே என்ற ஆண் லுவா. இடுகாட்டுக்கு உரியவர், கறுப்புத் தொப்பிக்காரர், கெட்ட வார்த்தை பேசுபவர். ஆனாலும் பிள்ளைகளின் காவலர் அவரே.

பிள்ளை வளர்வது தாய் தகப்பன் கையில் மட்டுமன்று. 'லாக்கு' என்பது ஒரு பொது முற்றத்தைச் சுற்றி உறவினர் வீடுகள் அமைந்த வளாகம். முன்னோர் கல்லறையும் லுவாக்களுக்கான சிறு கோயிலும் அதற்குள்ளேயே இருக்கும். முற்றத்தில் இருக்கும் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளைக்கும் சோறு போடலாம், அடிக்கவும் அடிக்கலாம். திருமுழுக்கின்போது ஏற்கப்படும் ஞானப்பெற்றோர் பெயரளவில் நின்றுவிடுவதில்லை. பெற்றோர் இல்லாமல் போனால் பிள்ளையை ஏற்கவேண்டியவர்கள் அவர்கள்தாம். பிள்ளையை மற்றவர் வீட்டில் வளரவிடும் இந்த ஏற்பாடு வறுமையில் திரிந்தபோது, 'ரெஸ்தாவெக்' என்ற கொடுமை பிறந்தது. படிக்கவைப்பார்கள் என்று நம்பி நகரத்து வீடுகளுக்கு அனுப்பப்பட்ட கிராமத்துப் பிள்ளைகள் ஊதியமில்லா வேலைக்காரர்களாக ஆகிவிடுகிறார்கள். இதை வூடூவின் தலையில் கட்டுவோர் உண்டு. அது தவறு, வறுமையும் நகரக் குடும்பங்களின் தேவையும் செய்யும் வேலை இது.

வூடூவைப் பிள்ளைகளுக்கு யாரும் பாடமாக நடத்துவதில்லை. முரசொலிக்கு நடுவே பாயில் தூங்கி, விழித்து, பெரியவர்கள்மேல் லுவா இறங்குவதைப் பார்த்து, மறுநாள் முற்றத்தில் அதையே நடித்து விளையாடிப் பழகுகிறார்கள். மற்றபடி பயிற்சியெல்லாம் இரவுக் கதைகளில்தான். கதை சொல்பவர் "கிரிக்?" என்று கேட்பார், "கிராக்!" என்று பிள்ளைகள் கத்தினால்தான் கதை தொடங்கும். விடுகதை என்றால் "டிம் டிம்?" என்ற கேள்விக்கு "புவா ஷேஷ்!" என்று, அதாவது 'காய்ந்த கட்டை' என்று பதில் வரவேண்டும். பேராசைக்காரனும் மந்தனுமான பூக்கியை, சூதுவாது தெரிந்த மாலிஸ் ஏமாற்றும் கதைகளே மிகுதி. பிள்ளைகள் யாரும் பூக்கியாக இருக்க விரும்புவதில்லை, ஆனால் சிரிப்பு முழுவதும் அவன் பக்கம்தான்.